கணிப்பொறிக்கு உறுப்புகள் வாங்குமுன்

சங்கங்களின் ஆய்வுக்காக நாம் குந்தா, கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளுக்குச் செல்லும்பொழுதெல்லாம், பேரேடும் தீர்மானப் புத்தகமும் மூடப்பட்ட பிறகு அங்கத்தினர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். மகளோ மகனோ கல்லூரியில் சேர்ந்தாயிற்று. மேசைக் கணிப்பொறி ஒன்று வேண்டும். கம்பெனிப் பெட்டியாகவே வாங்குவதா, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டிக்கொள்வதா, பூட்டுவதானால் எதை எதை வாங்குவது என்பதே அக்கேள்வி. சமவெளியிலுள்ள நெசவாளர் அன்பர்களும் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் கூறுவதைக் காட்டிலும், இவ்விதழின் வாயிலாக எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவது நலமென்று கருதி இதனை எழுதுகிறோம்.

இதற்கு ஆகும் பணத்தை முதலில் நம்முடைய படியாலேயே அளந்து பார்க்க வேண்டும். பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40,000 ரூபாய் என்பது 2,000 கிலோ இலையாகும். பறிப்புக் கூலியையும் உரத்தையும் கழித்து மிஞ்சும் பணத்தைக் கொண்டு கணக்கிட்டால் இலையின் எடை இன்னும் எவ்வளவோ கூடும். "இன்னும் ஒரு மூவாயிரம் போட்டால் இதைவிட உயர்ந்ததே கிடைக்கும்" என்று கடைக்காரர் சொல்லும்பொழுது, அந்த மூவாயிரம் 150 கிலோ இலை என்பதை நினைவில் இருத்துக. நெசவாளர் அதைச் சேலைக் கூலியாக மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பகட்டான சாமான்களில் பாதி, இக்கணக்கிலேயே பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

தனித்தனி உறுப்புகளாக வாங்குவதில் உள்ள உண்மையான இலாபம் விலைக் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது எப்பொழுதும் உண்மையன்று. இலாபம் பழுது பார்ப்பதில் இருக்கிறது. மடிக்கணினியின் தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு, கெட்டுவிட்டால் பெரும்பாலும் யந்திரம் முழுவதுமே கெட்டதாகும். 2011-ஆம் ஆண்டு முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் எத்தனையோ நமது ஹட்டிகளில் அலமாரியில் உறங்குவதற்கு இதுவே காரணம். பொதுவான அளவுகளில் செய்யப்பட்ட உறுப்புகளைக் கொண்டு பூட்டிய கணிப்பொறியிலோ, கெட்ட உறுப்பை மட்டும் கழற்றி, வேறு எந்தக் கம்பெனியின் உறுப்பையும் அவ்விடத்தில் வைக்கலாம். ஆயத்தப் பெட்டிகளிற் சில, தமக்கே உரிய வடிவில் அமைந்த மின்வழங்கியும் பலகையும் கொண்டவை. அவற்றின் மாற்று உறுப்பு சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை. ஆனால் வீட்டில் ஒருவரேனும் திருப்புளி பிடித்துக் கற்றுக்கொள்ள விருப்பமுள்ளவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையெனில், வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் உத்தரவாதத்துடன் கூடிய ஆயத்தப் பெட்டியே மேலானது என்பது நமது அபிப்பிராயம்.

சங்கத்தின் பணத்தில் சங்கத்துக்கு வாங்குவது வேறு விஷயம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்களுக்கு 2,516 கோடி ரூபாய் என்பது அத்திட்டத்தின் தொடக்க அளவு. அதே ஜூன் மாதத்தில் அரசின் மின்சந்தையில் கூட்டுறவுச் சங்கங்களும் கொள்முதல் செய்யலாமென்று அனுமதி கிடைத்தது. ஆகவே சங்கங்கள் அவ்வழியிலும் கொள்முதல் விதிகளின்படியும் நடந்துகொள்க. இனிக் கூறுவதெல்லாம் அங்கத்தினரின் சொந்த வீட்டுக்கு.

நகரத்து நண்பர்கள் தரும் பட்டியல்கள் எல்லாம் பிராசசரில் தொடங்கும். மலையில் வாழும் நாம் மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும். பைக்காராவில் 1932-ஆம் ஆண்டிலேயே நீர்மின்சாரம் உற்பத்தி செய்த மாவட்டம் இது. நமது நீரில் பிறந்த மின்சாரம் சமவெளியின் ஆலைகளை ஓட்டிற்று. ஆயினும் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் நமது வீடுகள் இருளில் மூழ்குகின்றன. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு வேண்டியதில்லை, சாதாரண ஆனிக் காற்றே போதும். மின்சாரம் போவதைவிடத் திரும்பி வருவதே கணிப்பொறிக்கு ஆபத்து. வரும்பொழுது அழுத்தம் ஏறி இறங்கி வருகிறது. கம்பியின் கடைசியிலுள்ள ஹட்டிகளில் மாலை நேரத்தில் அழுத்தம் தாழ்ந்தும் விடுகிறது.

இந்தத் தொல்லையை நேருக்கு நேர் தாங்குவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி மற்ற உறுப்புகளுக்குப் பங்கிடுகிறது. வாசலில் நிற்கும் இந்தக் காவற்காரன் மலிவானவனாக இருந்தால், அவன் விழும்பொழுது தனியே விழுவதில்லை. பலகையையும் தட்டையும் இழுத்துக்கொண்டு விழுவான். கோத்தகிரிப் பக்கத்தில் நாம் பார்த்த ஒரு வீட்டில், முன்புறம் கண்ணாடியும் உள்ளே வண்ண விளக்குகளும் கொண்ட பெட்டிக்கு மட்டும் ஆறாயிரம் ரூபாய் கொடுத்திருந்தார்கள். மின்வழங்கியோ பெயர் தெரியாத ஒன்று. முதல் மழைக்காலத்திலேயே பலகை எரிந்துபோயிற்று. விளக்குகள் மட்டும் பழுதின்றி இருந்தன.

ஆகவே கேபினெட்டுடன் "இலவசமாக" வரும் மின்வழங்கியை ஏற்கற்க. பெயர் பெற்ற கம்பெனி ஒன்றின் 450 வாட் மின்வழங்கி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணிப்பொறிக்குத் தாராளமாகப் போதும். அத்தகைய யந்திரம் முழு வேலை செய்யும்பொழுதும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. பெட்டியின் மீதுள்ள '80 பிளஸ்' என்னும் முத்திரை, மின்சாரம் வெப்பமாக வீணாகாத திறனைக் குறிப்பது. உழைப்பின் உறுதிக்கு அதுவே சான்றாகாது. உத்தரவாதக் காலம் 5 ஆண்டா, 2 ஆண்டா என்று பார்ப்பது அதைவிட நல்ல சோதனை. உள்ளே வரும் மின்சாரம் '100 முதல் 240 வோல்ட் வரை' என்று அச்சிட்டிருந்தால், தாழ்ந்த அழுத்தத்திலும் அது வேலை செய்யும் என்று பொருள்.

அதற்கு முன்னே ஒரு யு.பி.எஸ். இருக்க வேண்டும். அதன் மீது எழுதியிருக்கும் வி.ஏ. என்பது வாட் அன்று. 600 வி.ஏ. என்றால் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். அது தரும் பத்துப் பதினைந்து நிமிடம் கணிப்பொறியை ஓட்டுவதற்கன்று. எழுதிக்கொண்டிருப்பதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கே. சிலவகை மலிவான யு.பி.எஸ்.களின் மின்சார அலை சதுர வடிவானது. புதுவகை மின்வழங்கிகளிற் சில அதனோடு ஒத்துப்போகாமல், மாறும் கணத்திலேயே அணைந்துவிடும். இரண்டையும் ஒரே கடையில் வாங்கி, சுவர்ச் செருகியைப் பிடுங்கிப் பார்த்துச் சோதித்தே பணம் கொடுக்க வேண்டும். வீட்டில் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்க. அது இல்லாத வீட்டில் மேற்கூறிய எல்லாச் செலவும் பாதி வீண்.

மின்சாரச் செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மானிட்டரும் சேர்ந்து 80 வாட் என்று கொண்டு, நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் ஆகிறது.

அடுத்துக் கவனிக்க வேண்டியவை சேமிப்புத் தட்டும் நினைவகமும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ளே சுழலும் தட்டைக் கொண்டது, எஸ்.எஸ்.டி. அசையும் பாகமே இல்லாதது. சுழலும் தட்டு வினாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை தரும், சாதாரண எஸ்.எஸ்.டி. 500-க்கு மேல் தரும். பலகையில் நேரே செருகும் என்.வி.எம்.இ. வகை ஆயிரக்கணக்கில் தரும். ஆனால் வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியும் மாறுதல், ஹார்டு டிஸ்க்கை விட்டு ஏதேனும் ஒரு எஸ்.எஸ்.டி.க்கு வருவதில்தான் இருக்கிறது, எஸ்.எஸ்.டி.களுக்குள் வேகமானதற்கு அதிகப் பணம் கொடுப்பதில் பயன் குறைவு. 500 ஜி.பி. அளவு போதும். மிஞ்சும் பணத்தில் வெளியே செருகும் தட்டு ஒன்றை வாங்கி, இலைக் கணக்கு, நிலப் பட்டா நகல், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை மாதம் ஒருமுறை அதில் பிரதி எடுத்து, யந்திரத்திலிருந்து கழற்றி வேறு அறையில் வைக்கச் சொல்லுவோம். எஸ்.எஸ்.டி. கெட்டுப்போகும்பொழுது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே கெட்டுப்போகிறது. பெட்டியைப் பணம் கொடுத்து மறுபடி வாங்கிவிடலாம். ஐந்து வருஷக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ராம் என்னும் நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. 16 இருந்தால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இதன் விலை கடுமையாக ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழுப்பப்படும் பெரும் கணிப்பொறிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்வதே காரணம். குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை எங்கோ பெய்யும் மழையால் ஆடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையன்று. அதற்கு முன் எழுதப்பட்ட விலைப் பட்டியல் எதையும் நம்பற்க. வாங்கும் நாளின் விலையை இரண்டு கடைகளில் எழுத்தில் கேட்டுப் பெறுக. இரண்டு 8 ஜி.பி. துண்டுகள் ஒரு 16-ஐவிடச் சற்று வேகமானவைதாம். ஆனால் பலகையில் இரண்டே செருகிடம் இருக்குமானால், ஒரே துண்டாக வாங்கி மற்றொன்றைக் காலியாக வைத்திருப்பது, பின்னால் விலை இறங்கும்பொழுது சேர்த்துக்கொள்ள வசதியாகும். பாடமும் கணக்கும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு நாம் இதையே சொல்லுவோம்.

இப்பொழுது பிராசசரும் மதர்போர்டும். பாவு நூலின் நம்பருக்கு ஏற்ற அச்சு இல்லாவிட்டால் நூல் எவ்வளவு உயர்ந்ததானாலும் துணி கெடும் என்பதை நெசவாளர் அறிவர். அதுபோலவே பிராசசருக்கும் பலகைக்கும் ராமுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 என்னும் பொருத்திடம் கொண்ட பலகை டி.டி.ஆர்.4 நினைவகத்தையே ஏற்கும். 2022-இல் வந்த ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர்.5 ஒன்றையே ஏற்கும். இன்டெல்லின் 2021-இல் வந்த எல்.ஜி.ஏ. 1700 பலகைகளிற் சில 4-ஐயும் சில 5-ஐயும் ஏற்கும். ஒரே பலகையில் எது என்பது பெட்டியின் மீதே எழுதியிருக்கும். இரண்டு வகைத் துண்டுகளிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால், அழுத்தினாலும் நுழையாது. அழுத்திப் பார்ப்பவர் உடைத்துவிடுவார்.

ஏ.எம்.5-க்குப் புதுப் பிராசசர்கள் 2027 வரையிலேனும் வரும் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. நாலைந்து ஆண்டு கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர் அதை வாங்கலாம். அந்த எண்ணம் இல்லாதவர், அன்றைய விலையில் மொத்தத்தில் எது குறைவோ அதை வாங்குவதில் தவறில்லை. வீட்டுக்கு ஆறு கருக்கள் உள்ள நடுத்தரப் பிராசசரே அதிகம், நான்கு போதும். கருவின் எண்ணிக்கையில் மயங்கி மின்வழங்கியில் மிச்சம் பிடிப்பவர் கூரைக்குச் செலவிட்டு அஸ்திவாரத்தை விட்டவராவார்.

ஓரெழுத்தால் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அதனுள் படம் காட்டும் பகுதி இல்லை. தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. ஏ.எம்.4 ரைசன் வரிசையில் நிலைமை நேர்மாறு. அங்கே 'ஜி' என்ற எழுத்து இருந்தால்தான் படம் காட்டும் பகுதி உண்டு. சில நூறு ரூபாய் குறைவென்று 'எஃப்' வகையை வாங்கிவிட்டு, பிறகு கார்டுக்காகப் பல ஆயிரம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுக்கும் சினிமாப் படத் தொகுப்புக்கும் அன்றித் தனிக் கார்டு தேவையில்லை.

குளிர்விக்கும் விசிறியைப் பற்றிச் சிலர் வீண் கவலை கொள்ளுகிறார்கள். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெப்பத்தை வாரிச் செல்லும் ஆற்றலும் அதற்கேற்பக் குறையும். ஆனால் காற்றே குளிர்ந்திருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. பிராசசருடன் பெட்டியில் வரும் விசிறியே போதும்; தண்ணீர் ஓடும் குளிர்விப்பான் இம்மலைக்கு வேண்டாத ஆடம்பரம்.

நாம் அஞ்ச வேண்டியது ஈரத்துக்கு. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த யந்திரத்தின் மீது, காலையில் சமையலறை நீராவி படிந்தால் பலகையின் மேல் பனித்துளி போல் நீர் கோக்கும். வெளிச்சுவரை ஒட்டியும் அடுப்பங்கரை வாசலுக்கு எதிரிலும் கணிப்பொறியை வைக்கலாகாது. ஓடும் யந்திரம் தன் வெப்பத்தாலேயே உலர்ந்துவிடுமாதலால், மழைக்காலத்தில் வேலை இல்லாவிடினும் தினம் ஒரு மணி நேரம் ஓட்டுவது நல்லது. குளிரில் எடுத்து வந்த பெட்டியை வந்தவுடன் போடாமல், அறையின் வெப்பத்துக்கு வரும் வரை விட்டுவைக்க வேண்டும். கேபினெட் காற்றோட்டமுள்ள எளிய தகரப் பெட்டியாக இருந்தாலே போதும்.

மானிட்டர் உறுப்புகளிலெல்லாம் நீண்ட நாள் உழைப்பது. பிராசசர் இரண்டு மாறினாலும் அது நிற்கும். ஐ.பி.எஸ். வகையைக் கேட்டு வாங்குக. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அதில் நிறம் மாறாது. சேலைக்கு டிசைன் வரைய விரும்பும் நெசவாளர் வீட்டுக்கு இது மிகவும் அவசியம்; திரையில் ஒரு சிவப்பும் தறியில் வேறொரு சிவப்புமாக இருந்தால் பாவு முழுவதும் வீணாகும். அவர்கள் பிராசசரில் குறைத்தேனும் மானிட்டருக்கும் ராமுக்கும் கூட்டிக்கொள்ளட்டும். கணிப்பொறி நெசவாளருக்கு அந்நியமானதும் அன்று. 1804-இல் பிரான்ஸில் ஜக்கார்டு தமது தறிக்குத் துளையிட்ட அட்டைகளால் கட்டளையிட்டார். இங்கிலாந்தின் பாபேஜ் அந்த அட்டைகளையே தமது கணக்கு யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

கீபோர்டு எதுவானாலும் தமிழ் எழுதலாம். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 முறை மென்பொருளில் இருப்பது. விசைகளின் மேல் எழுத்து ஒட்டிக்கொண்டால் போதும். திருட்டு விண்டோஸைக் கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தர முன்வருவார், அதை மறுத்துவிடுக. பணம் கொடுக்க இயலாதவருக்குச் சென்னை சி-டாக் நிறுவனத்தார் வளர்த்த பாஸ் முதலிய லினக்ஸ் வகைகள் இலவசமாக இருக்கின்றன. அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய கணிப்பொறிகள் மலிவாக வருவதைப் பற்றியும் கேட்கிறார்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. இன்டெல்லின் 8-ஆம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. லினக்ஸ் போதுமென்பவருக்கு மட்டுமே அவை மலிவு.

வாங்குமிடம் சென்னை ரிச்சி தெருவானாலும் கோயம்புத்தூரானாலும், பெட்டி திறக்காத பிராசசரையே பெறுக. 'ட்ரே' என்று பெட்டியின்றி விற்பதற்குக் கம்பெனியின் நேரடி உத்தரவாதம் கிடைப்பதில்லை. மதர்போர்டின் பொருத்திடத்திலுள்ள நுண்ணிய ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று கடையிலேயே விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வளைந்த ஊசியை உத்தரவாதம் காப்பதில்லை. ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் காட்டிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்கலாகாது. பலகைக்குப் பின்னால் வந்த பிராசசரானால், அதனை அறியும்படி பலகையின் பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுக. அங்கேயே பூட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே மலையேற வேண்டும். வழியில் கேபினெட்டைப் படுக்கவைத்து, பலகை கிடைமட்டமாக இருக்கும்படி மடியிலோ மெத்தை மீதோ கொண்டுவருக. கொண்டை ஊசி வளைவுகளில் நின்ற பெட்டியின் உள்ளே விசிறி ஆடித் தளரும்.

இன்னும் ஒரு யோசனை. ஒரே ஹட்டியில் ஐந்து வீட்டார் ஐந்து முறை கோயம்புத்தூர் சென்று ஐந்து விதமான பலகைகளை வாங்குகிறார்கள். ஒருவரது யந்திரம் நின்றால் மற்றவரது உறுப்பால் பயனில்லை. ஐவரும் கூடி ஒரே பலகை, ஒரே வகை ராம், ஒரே மின்வழங்கி என்று எழுதிக்கொண்டு ஒருங்கே வாங்கினால், கூடுதலாக ஒரு மின்வழங்கியையும் ஒரு ராம் துண்டையும் பொதுவில் வாங்கி ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஐவருக்கும் சேர்ந்து அதற்கு ஆகும் செலவு, ஒருவர் கோயம்புத்தூருக்குச் சென்று திரும்பும் இரண்டு நாள் பறிப்பு இழப்போடு ஒப்பிட்டால் அதிகமன்று. யந்திரம் உயிர் பெறாதபொழுது முதலில் பொது மின்வழங்கியைச் செருகிப் பார்க்க வேண்டும். பிறகு ராமை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் குணமாகாவிட்டால், ரசீதையும் பழைய பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். காலிப் பெட்டிகளை அதனால்தான் உத்தரவாதம் முடியும் வரை பரண் மீது வைத்திருக்கச் சொல்லுகிறோம். எலி புகாத பரணாக இருக்கட்டும்.